முதலில் எதைப் பின்னுவது

போர் முடிந்து சில வருடங்கள் போயிருந்தன. ஒரு மழைக்கால அதிகாலையில் சுபஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளுச் செய்யப் போன இடத்தில், பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியான ஹவ்ளடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது என்று டொக்டர் சொன்னார். ஆனால் பிளாஸ்டரை வெட்டி எடுத்தபோது உள்ளேயிருந்து வெளிவந்த கை என்னுடையதாகத் தெரியவில்லை. மெலிந்துபோய், தோல் உரிந்து, விரல்கள் பாதி மடிந்தபடி அப்படியே நின்றன.

நான் கணித ஆசிரியன். வெண்கட்டி இல்லாமல் என் பிழைப்பு இல்லை. புத்தளத்துத் தில்லையடியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் பள்ளிக்கூடம். திரும்பிப் போன முதல் நாளே வெண்கட்டி விரல்களுக்குள் நிற்காமல் விழுந்தது. எடுத்தேன், விழுந்தது. பிறகு பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிட்டு, நான் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுத வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்த மிஸ் ஒரு சிங்களப் பெண். வயது குறைவு, பொறுமை அதிகம். பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகப் பேசுவார். ரப்பர் பந்தை அமத்தி அமத்திச் சலித்துப்போயிருந்த என்னிடம் ஒரு நாள், "சேர், பந்து மட்டும் போதாது. சின்னச் சின்ன வேலை வேணும். நிட்டிங் செய்ங்க" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மேசையில் கிடந்த இரண்டு பேனைகளை எடுத்து, ஒன்றை ஒன்றுக்குள் விட்டு எடுப்பதுபோலச் செய்து காட்டினார்.

"கம்பளி பின்னுறதா?"

"ஓம், ஓம். அதுதான். கைக்கு ரொம்ப நல்லது."

"என்ன பின்னுறது மிஸ்?"

அவர் தோளைக் குலுக்கினார். "மொகக் ஹரி" என்றார். ஏதாவது ஒன்று என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்த 'ஏதாவது ஒன்று' என்னை எவ்வளவு பாடுபடுத்தும் என்று அப்போது தெரியவில்லை.

புத்தளம் டவுனில் பொத்தான், ஜிப், ரேந்தை, நூல் எல்லாம் விற்கும் ஒரு கடை இருந்தது. என் மனைவி வீட்டில் இருந்தபடி பள்ளிக்கூடச் சீருடையும் அபாயாவும் தைக்கிறவள். அவளுக்கு நூல் வாங்க நான் அடிக்கடி போகிற கடைதான். கம்பளி நூலும் பின்னல் ஊசியும் வேண்டும் என்றேன்.

"என்ன பின்னப்போறீங்க சேர்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இன்னும் பழகல்ல. பழகத்தான்."

"அது சரி. எதப் பின்னிப் பழகப்போறீங்க? அதச் செல்லுங்க. அதுக்கு ஏத்த நூல், அந்த நூலுக்கு ஏத்த ஊசி."

"எது லேசோ அது."

"லேசு எதுண்டு பின்னினவங்களுக்குத்தான் தெரியும். நான் விக்கிற ஆள்."

எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். எனக்கு வியர்த்தது. பின்னத் தெரியாமல் எதைப் பின்னுவது என்று முடிவெடுக்க முடியாது. எதைப் பின்னுவது என்று முடிவெடுக்காமல் நூல் வாங்க முடியாது. நூல் வாங்காமல் பின்னத் தெரியப்போவதில்லை. பாடத்தில் இப்படி ஒரு கணக்கு வந்தால், தரவு போதாது என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகச் சொல்லியிருப்பேன்.

"தொப்பி" என்றேன். தலையில் போட்டிருந்த தொப்பிதான் அந்த நேரத்தில் என் ஞாபகத்துக்கு வந்தது.

அவர் மெல்லிய வெள்ளைப் பருத்தி நூல் உருண்டை ஒன்றையும் ஈர்க்கு மாதிரி இரண்டு ஊசிகளையும் எடுத்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்து பார்சலைப் பிரித்தபோது மனைவி மெசினில் இருந்தாள். ஊசிகளைக் கண்டதும் அவளுடைய கால் மிதிப்பதை நிறுத்தியது.

"இது என்னத்துக்கு?"

"கைக்கு. ஆஸ்பத்திரி மிஸ் பின்னச் சொன்னா."

அவள் சிரிப்பாள், அல்லது இவ்வளவு மெல்லிய ஊசி ஏன் என்று ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆம்பிளை ஒருவன் பின்னல் பின்னுவதை அக்கம்பக்கத்தார் கண்டால் என்ன சொல்வார்கள் என்று வெட்கப்படுகிறாளோ? எனக்கே அந்த வெட்கம் இருந்ததால் நான் அதிகம் யோசிக்கவில்லை. பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் தென்னைமரத்தடிக்குப் போனேன்.

ஏழாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மகள் போனில் வீடியோக்களைத் தேடித் தந்தாள். அங்கேதான் குழப்பம் உச்சத்துக்குப் போனது. தொடக்கக்காரருக்கு மிக மிக லேசான வேலை இதுதான் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் குழந்தைச் சப்பாத்து பின்னினாள். இன்னொருத்தி, இதைவிட லேசு உலகத்தில் இல்லை என்று முயல் பொம்மை செய்தாள். வேறொருத்தி, முதல் வேலையாக எக்காரணம் கொண்டும் பொம்மை எடுக்காதீர்கள் என்றாள். எல்லாருக்கும் பின்னால் யன்னலில் பனி கொட்டியது.

"வாப்பா, முயல் செய்யுங்க, முயல்" என்றாள் மகள்.

நான் தொப்பியிலேயே நின்றேன். நூல் வாங்கியாகிவிட்டதே. ஆனால் அந்த ஈர்க்கு ஊசிகள் என் விரலுக்கு அகப்படவே இல்லை. நூல் வியர்வையில் நனைந்து கையோடு ஒட்டியது. களப்பிலிருந்து உப்புக்காற்று வேறு. ஒரு வாரம் போராடியும் ஊசியில் ஏறியது கண்கள் எனப்படும் நூல் வளையங்கள் சிலதான். அவையும் இழுத்தால் அசையாத அளவுக்கு இறுகிப்போய் இருந்தன.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கத்தோலிக்க டீச்சர் இருந்தார். தலவிலப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மூன்று பிள்ளைகளின் தாய். சின்ன வயதில் கன்னியாஸ்திரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதால் அவருக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். இடைவேளையில் ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பையைத் திறந்து காட்டினேன்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "சேர், முதல் வேலைக்கே தொப்பியா? வட்டமாப் போகணும், மேல வர வரக் கண்ணைக் குறைக்கணும். நான் பழகி ஒரு வருஷம் கழிச்சுத்தான் தொப்பி பின்னினேன்."

"இது அவ்வளவு கஷ்டமாத் தெரியல்லியே" என்று என் தொப்பியைக் கழற்றி நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நிட்டிங்கே இல்லை சேர். இது குரோஷே. கொக்கி வச்ச ஒரே ஊசியில பின்னுறது. உங்களிட்ட இருக்கிறது ரெண்டு ஊசி."

இத்தனை வருடம் தலையில் வைத்திருந்த தொப்பி என்ன வகைப் பின்னல் என்று எனக்குத் தெரியாது. ஊசியில் மாட்டிக்கிடந்ததையும் தொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் அப்போதும் விளங்கவில்லை.

"அப்ப நான் எதப் பின்னுறது டீச்சர்?"

"ஸ்காப் பின்னுங்க, கழுத்தில சுத்துறது. நேராப் போய் நேரா வாறதுதான். தடிச்ச ஊல், தடிச்ச ஊசி."

"புத்தளத்தில ஆர் டீச்சர் ஸ்காப் போடுற?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "நுவரெலியாவுக்குப் போகேக்க போடலாம்."

"நான் நுவரெலியாவுக்குப் போறல்லியே."

"அப்ப அது எனக்குத் தெரியாது சேர்" என்று சொல்லி எழும்பினார். மணி அடித்துவிட்டது.

மறுபடியும் கடை. தடித்த கம்பளி ஊலில் மிஞ்சிக் கிடந்தது செம்மஞ்சள் நிறம் மட்டும்தான். கடைக்காரர் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. பாவம் பார்த்திருப்பார்.

தடித்த ஊசி கைக்கு அடங்கியது. டீச்சர் இடைவேளைகளில் கண் ஏற்றவும் எடுக்கவும் காட்டித் தந்தார். மீன் வலைக்கும் கண் என்றுதான் சொல்லுவார்கள், இதற்கும் கண்தான் என்றார். விரல் மெல்ல மெல்ல மடியத் தொடங்கியது. வரி மேல் வரி ஏறியது. ஆனாலும் வெயிலில் அந்தக் கம்பளித் துண்டு மடியில் பூனைக்குட்டி மாதிரிச் சூடாகக் கிடக்க, இதை ஏன் செய்கிறேன், யாருக்குச் செய்கிறேன் என்ற கேள்வி ஒவ்வொரு வரியிலும் வந்து நின்றது.

அந்தக் கேள்வியைப் பிள்ளைகளும் கேட்டுவிட்டார்கள். ஒன்பதாம் ஆண்டு வகுப்பில் பையிலிருந்து புத்தகத்தை இழுத்தபோது ஊல் உருண்டையும் கூடவே வெளியே வந்து விழுந்து, வாங்குகளுக்கு அடியால் உருண்டுகொண்டு கடைசி வரிசைக்குப் போனது. வகுப்பின் நடுவே செம்மஞ்சள் கோடு.

"சேர், இது ஆருக்கு?" என்று முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்.

"தெரியாது" என்று உண்மையைச் சொன்னேன்.

அவ்வளவுதான். கிரிக்கெட் பெட்டுக்கு உறை பின்னுங்கள் என்றார்கள். தண்ணிப் போத்தலுக்குச் சட்டை என்றார்கள். எங்கள் ஊர் தெருக்களில் திரிகிற கழுதைகளுக்குத் தொப்பி பின்னலாம், ஆனால் காதுக்கு ஓட்டை விட வேண்டும் என்று பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சுற்றிய நூலை எடுத்துத் தந்த பிள்ளைகள் யாரும் அதைப் பெண்கள் வேலை என்று சொல்லவில்லை. நான் பயந்துகொண்டிருந்த ஒன்று நடக்கவே இல்லை. அதுவும் ஒரு குழப்பமாகத்தான் இருந்தது.

வீட்டில்தான் பிழை. மனைவி என்னோடு சாதாரணமாகக் கதைப்பாள். சோறு போடுவாள், கையை எண்ணெய் போட்டு உருவிவிடுவாள். நான் பின்னலை எடுத்தால் மட்டும் எழும்பிப் போய்விடுவாள். ஒரு முறை, "டீச்சர்தான் இந்த வரி காட்டித் தந்தா" என்றேன். "அவட்டயே கேளுங்க" என்றாள். நான் அவளிடம் எதையும் கேட்கவில்லையே, பிறகு ஏன் இந்தப் பதில் என்று விளங்காமல் இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, மின்சாரம் இல்லாத நேரம். விசிறி நின்றுபோனதால் எல்லாரும் பின்பக்கம் வந்திருந்தோம். நான் ஸ்காப்பை விரித்துப் பார்த்தேன். தொடங்கின இடத்தில் என் கை அகலம். போகப் போக அகன்று, கடைசியில் அதன் இரண்டு மடங்கு. நான் எங்கேயும் கண் கூட்டவில்லை. எப்படி அகன்றது? எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வந்தது. கணித ஆசிரியன் கண்களை எண்ணத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மனைவி துணியில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"ஓரத்துக் கண்ணு ரெண்டா விரிஞ்சு நிக்கிது. நீங்க ரெண்டையும் பின்னுறீங்க. அதுதான் அகலுது."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கையை நீட்டி ஊசிகளை வாங்கினாள். கடைசி வரியை உருவி எடுத்தாள். எங்கேயோ கீழே நழுவிக் கிடந்த ஒரு கண்ணை ஊசி நுனியால் தேடிப் பிடித்து மேலே ஏற்றினாள். பிறகு ஒரு வரி பின்னினாள். அவளுடைய விரல்கள் போன வேகத்தை என்னால் பார்வையால் தொடர முடியவில்லை.

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"எங்க பழகின?"

"கேம்புல இரிக்கக்குள்ள. பொம்பளப் புள்ளைகளுக்குத் தையல் பழக்க வந்தாங்க. இதையும் பழக்கினாங்க."

மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு விரட்டப்பட்டு வந்த குடும்பங்கள்தான் எங்களுடையவை இரண்டும். அவள் தையல் பழகியது முகாமில் என்று எனக்குத் தெரியும். பின்னலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"கலியாணம் முடிச்சு இவ்வளவு காலமா நீ பின்னல் ஊசியத் தொட்டு நான் காணல்லியே."

அவள் மகளைப் பார்த்தாள். "போய்த் தண்ணிப் பானைய மூடிட்டு வா" என்று அனுப்பினாள்.

"மூத்த புள்ளைக்கு ஒரு சட்ட பின்னினன். உம்மா வீட்ட இரிக்கக்குள்ள. அதுக்குப் பொறகு ஏலாமப் போச்சு."

எங்கள் முதல் பிள்ளை மௌத்தாக, உயிரில்லாமல் பிறந்தது. நான் அப்போது அநுராதபுரப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தகவல் கிடைத்து வந்து சேர்ந்தபோது நடுப்பகல் லுஹர் நேரம் தாண்டிவிட்டது. வெள்ளைத் துணியில் சுற்றிய அந்தச் சின்ன உடலை நானும் மாமாவும்தான் மையவாடிக்குக் கொண்டுபோனோம். அதன் பிறகு அந்தப் பிள்ளையை 'மூத்தது' என்போம், எப்போதாவது. அதற்கு ஒரு சட்டை இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் நாள் நாளாக உட்கார்ந்து ஒன்றைப் பின்னியிருக்கிறாள். நான் இந்த ஊசிகளைக் கொண்டுவந்து அவள் முன்னால் மேசையில் போட்டிருக்கிறேன்.

"இத எடுத்து வச்சிருவமா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? கை நல்லா வரட்டும்." பின்னிய வரியைக் கையால் தடவினாள். "ஆனா இது என்ன? மகளுக்கிட்ட ஸ்காப்பெண்டு செல்லியிரிக்கிறீங்க. இந்த வெயிலுக்கு ஆரு போடுற?"

"எனக்கும் தெரியல்ல. நீ செல்லு. எதப் பின்னட்டும்?"

அவள் அதிக நேரம் யோசிக்கவில்லை.

"அடுப்படிக்கி ஒண்டு பின்னுங்க. சட்டி புடிச்சி இறக்க. பழைய துணிய மடிச்சி மடிச்சிக் கை வேகுது. சதுரமா, சின்னதா. கொஞ்சம் அகலினாலும் பரவாயில்ல. சட்டிக்குத் தெரியாது."

கடையிலும் போனிலும் ஆசிரியர் அறையிலும் வகுப்பிலும் கிடைக்காத பதில் இவ்வளவு சின்னதாக என் வீட்டு அடுப்படியில் இருந்திருக்கிறது. ஸ்காப்பை உருவிச் சுற்றிவிட்டு, அன்றைக்கே சதுரத்தைத் தொடங்கினேன். இந்த முறை அவள் எழும்பிப் போகவில்லை. பக்கத்திலேயே இருந்து, "ஓரம், ஓரம்" என்றாள். அந்த வாரக் கடைசியில் சதுரம் முடிந்தது. ஒரு மூலை மற்ற மூன்றையும்விட நீண்டு நின்றது. கண்களை மூடி முடிப்பது எப்படி என்று அவள்தான் காட்டினாள்.

முதல் நாள் சோற்றுப்பானையை இறக்க அதை எடுத்தாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீண்ட மூலை கேஸ் அடுப்பின் நெருப்பைத் தொட்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் வீடெல்லாம் பரவியது. அவள் பானையை வைத்துவிட்டுத் துண்டை இழுத்தாள். அது வரவில்லை. செம்மஞ்சள் நிறம் உருகி அலுமினியக் காதில் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது ஊல் இல்லியே! பிளாஸ்டிக்!" என்றாள்.

"உனக்குத் தெரியும்தானே? நீதான் பின்னத் தெரிஞ்ச ஆள்."

"நான் புள்ளைக்குச் சட்டதானே பின்னினன்? சட்டி புடிக்கவா பின்னினன்?"

சொன்ன பிறகு அவளே திகைத்துப்போனாள். நானும். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வடிந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். மகள் ஓடிவந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன நடந்த?" என்று கேட்டாள். அந்தப் பானைக் காதில் செம்மஞ்சள் கறை இப்போதும் இருக்கிறது.

இரண்டாவது துண்டைப் பருத்தி நூலில் பின்னினேன். நூலை மூன்றாக மடித்துத் தந்தவள் அவள். அது நெருப்புக்குத் தாக்குப் பிடித்தது. வெண்கட்டியும் கையில் நிற்கத் தொடங்கியது. எழுத்து முன்பைவிடக் கொஞ்சம் சாய்ந்துதான் வருகிறது. ஆஸ்பத்திரி மிஸ் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்து, இனி வரத் தேவையில்லை என்றார்.

ஒரு மாலை, மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அந்தச் சட்ட எங்க?"

"ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல ஒரு பொம்பள இரிந்தா. அவட புள்ள ரொம்பச் சின்னன். அண்டைக்கி மழ, குளிர். வீட்டுக்குப் போகக்குள்ள போடுங்கண்டு குடுத்திட்டன்."

"எந்த ஊர்ப் பொம்பள?"

"கேக்கல்ல. கரையோரத்து ஆக்கள் மாதிரி. தமிழ்தான் பேசின."

"ஆம்பிளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?"

"அதுவும் பாக்கல்ல. நான் மொகத்தப் பாக்கல்ல." மடித்த துணியை அலுமாரிக்குள் வைத்தாள். "மஞ்சள் சட்ட. நல்லாப் பின்னியிரிந்தன்."

மறுநாள் வகுப்பில் சமன்பாடு ஒன்றை எழுதிவிட்டுத் திரும்பியபோது, பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் மஞ்சள் சட்டை போட்டுப் போன அந்தப் பிள்ளைக்கும் இவர்கள் வயதுதான் இருக்கும். கல்பிட்டியில் இருக்கலாம், சிலாபத்தில் இருக்கலாம், இந்த வாங்குகளில் ஒன்றிலும் இருக்கலாம். சில நாட்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. கடைசியில் முன்வரிசைப் பிள்ளை, "சேர், என்ட முகத்தில என்ன இரிக்கி?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, கொப்பியைப் பார்த்து எழுது என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன்.